அலுமாரிக்குள் நீலம்

மச்சான்,

நான் வாய்மூடிக் கிடந்தது போதும். ஏழு வருடமாக உன்னோடு கதைக்கவில்லை. அதில் கடைசி வருடம் நீ உயிரோடேயே இல்லை. ஆனாலும் கோபம் தீரவில்லை. மவுத்தான ஆளோடும் கோபித்துக்கொண்டிருக்க முடியும் என்று என்னைப் பார்த்துத்தான் நானே தெரிந்துகொண்டேன்.

இன்று காலை மேசை லாச்சியைத் துப்புரவாக்கும்போது அந்தக் கண்மருந்துப் போத்தல் அகப்பட்டது. உன் கோணல் எழுத்தில் 'சீனி' என்று ஒட்டியிருக்கிறது. உள்ளே வெறும் தேத்தண்ணி நிறத்தில் கொஞ்சத் தண்ணீர். சந்தையடியில் பாமசி வைத்திருப்பவர் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டோர்ச்சை இரவல் வாங்கிவந்து, யன்னல்களைச் சாத்திவிட்டு அடித்துப் பார்த்தேன். கொஞ்சமும் மங்கவில்லை, மச்சான். அதே நீலம். தனியே இருந்து சத்தம்போட்டுச் சிரித்தேன்.

அது நடந்தது ஒரு நோன்பு விடுமுறையில். பாடசாலை பூட்டு. இரசாயனவியல் படிப்பிக்கிற இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை. காபன் குவாண்டம் புள்ளிகளைப் பற்றி எங்கோ வாசித்துவிட்டு ஓடிவந்தாய். பத்து நனோமீற்றருக்கும் சிறிய கரித்துணிக்கைகள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை விழுங்கி, நீலத்தை வெளியே விடுகின்றன. "கரிடா மச்சான், வெறுங்கரி! வெளிச்சம் தருதாம்!" என்றாய். சித்திரிக் அமிலத்துக்குத் தேசிக்காய். யூரியாவுக்குச் சம்மாந்துறை வயலில் மிஞ்சிய உரப்பை. உலைக்கு உன் மனைவியின் மைக்ரோவேவ்.

முதல் இரண்டு தரமும் வந்தது மந்தமான நீலம். மூன்றாம் தரம் தேசிக்காய் முடிந்துவிட்டது. பிரிட்ஜைத் திறந்து, அங்கிருந்த சாற்றுக் குவளையை எடுத்தவன் நான். அது நோன்பு திறக்கச் சீனி கரைத்து வைத்த சர்பத். ஒரு சொட்டு நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் நோன்பு, யார் வைப்பது?

யூரியாவைக் கலந்து சூடாக்கியதும் கலவை கரிய நுரையாகப் பொங்கியது. அமோனியா வாடை மூக்கைப் பிடுங்கியது. மிஞ்சிய கரியைத் தண்ணீரில் கரைத்து வடிதாளில் வடித்தோம். பார்க்க இருட்டு வேண்டும். வெளியே பிற்பகல், அஸர் நேரத்து வெயில். நீதான் உடுப்பு அலுமாரியைத் திறந்தாய். நாற்பது தாண்டிய இரண்டு மாஸ்டர்மார், தலைகளை உள்ளே விட்டுக் கதவைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு நின்றோம்.

"அடிடா டோர்ச்ச."

"உன்ட கைய எடு, மறைக்குது."

அடித்தேன். உன் மூக்கு, தாடி, தொங்கிய அபாயாக்கள் எல்லாம் நீலம். "மச்சான், வானத்தப் போத்தல்ல அடைச்சிட்டம்டா!" என்று நீ கத்திய கத்தலில் உன் மனைவி ஓடிவந்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் அலுமாரிக்குள்ளயா நோம்பு துறக்கிறீங்க? சீனி போட்டு வச்ச சர்பத்தையும் காணல்ல!"

அப்போதுதான் எங்களுக்கே விளங்கியது.

"குடிக்கல்ல புள்ள, எரிச்சிட்டம்."

"சர்பத்த ஆரும் எரிக்கிறயா? ஆரு எடுத்த?"

நான் அபாயாக்களுக்குள் முகத்தை இன்னும் புதைத்தேன். நீ கண் இமைக்காமல் சொன்னாய்: "நான்தான்."

அந்த நோன்பு முழுக்க நீ, ஒளித்திருந்து சர்பத் குடித்த 'அலுமாரி மாஸ்டர்'. பள்ளிவாசலில் கஞ்சிக்குப் போனால், "மாஸ்டர், அலுமாரிக்குள்ள ஏதும் மிச்சம் இரிக்கா?" என்பார்கள். அவர்களை விடப் பெரிதாக நீ சிரிப்பாய்.

பிறகு நான் ஒரே சாறு, ஒரே நேரம் வைத்து, சீனியோடும் சீனியில்லாமலும் மாறிமாறிச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு தரமும் சீனி போட்டதுதான் கூடப் பிரகாசித்தது. இரும்பு கலந்த தண்ணீரைச் சொட்டினால் நீலம் மங்கும் என்று வாசித்தோம். துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரில் பார்த்தோம், மங்கியது. அவ்வளவுதான், அயலவர் எல்லாம் சோடாப் போத்தலில் கிணற்றுத் தண்ணீரோடு உன் வாசலில். "ஹாஜியார், உங்கட கிணறு என்ட லைட்ட நூத்துட்டே!" என்று நீ சொல்ல, அவர் பரீட்சையில் தவறியவர் போல நின்றார்.

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கு இந்த நீலத்தைக் கொண்டுபோனபோது கல்வி அதிகாரி கேட்டார்: "சீனி போடுகிற யோசனை யாருடையது?" நீ சொன்னாய்: "நான்தான்." ஒப்பீட்டு அட்டவணையைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். அன்றோடு உன்னோடு கதையை நிறுத்தினேன். குவளையை எடுத்தவன் நான், ஒப்பிட்டுப் பார்த்தவன் நான், பெயர் உனக்கு. நீ படுக்கையில் கிடந்தபோதும் வரவில்லை. ஜனாஸாத் தொழுகையில் கடைசி வரிசையில் நின்றேன்.

இன்று டோர்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது உன் இரண்டு 'நான்தான்'களும் ஒன்றாகக் கேட்டன. முதலாவது, பழி. அதை நான் ஒரு சொல்லும் சொல்லாமல் உன் தலையில் கட்டினேன். கண்காட்சியில் உன் மனைவி முன்வரிசையில் இருந்தாள். சர்பத்தை எடுத்தது நீ என்று நம்பியிருந்த அவளுக்கு முன்னால் வேறென்ன சொல்வாய்? பெயர் வேண்டுமென்றால் நான் முதலில் சர்பத் கள்ளன் என்று ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனாலும் நீ என் பக்கம் திரும்பி ஒரு கண்ணடித்திருக்கலாம். அந்தக் கோபத்தில் கொஞ்சம் வைத்துக்கொள்கிறேன்; முழுவதையும் விட நான் அவ்வளவு நல்லவனில்லை. அதோடு, எந்த அலுமாரியைத் திறந்தாலும் வந்துவிடுகிற சிரிப்பையும்.

இதை உன் வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். உறையை உடைப்பது உன் மனைவி, என் மச்சியாகத்தான் இருக்கும். மச்சி, அன்று நாங்கள் இரண்டு பேருமே நோன்பை முறிக்கவில்லை. குவளையை எடுத்தது அவனில்லை, நான். போத்தலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். பாமசிக்காரரின் ஊதா டோர்ச்சை இரவல் வாங்கி, அலுமாரிக்குள் வைத்து அடித்துப் பாருங்கள்.

பெயருக்காகத்தான் இந்த ஏழு வருடமும். பேனையைக் கடிதத்தின் அடியில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன், மூடிவிட்டேன். கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன். அலுமாரிக்குள் இருந்த மற்றத் தலை யாருடையது என்று அந்த வீட்டில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை.