செயப்படுபொருள்

மார்ச் 3, செவ்வாய்

பல வருடங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு வாயாடி எழுந்து கேட்டாள்: "டீச்சர், பக்கத்துல இருக்கிறவ பென்சிலை எடுத்து நான் தானம் பண்ணினா, புண்ணியம் எனக்கா அவளுக்கா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னேன். பதில் சொல்லவில்லை.

இன்று அது நினைவுக்கு வரக் காரணம் தம்பியின் நினைவு மலர். அவன் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இசை மன்றத்துச் செயலாளர் அச்சுப்படியைக் கொண்டுவந்து வைத்து, "இலக்கண டீச்சர் கண்ணுல பட்டா ஒரு பிழை தப்புமா!" என்றார். எட்டாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: "இசைக்காகத் தன் குடும்பத்தையே தியாகம் செய்த மாமேதை."

எழுத்துப்பிழை இல்லை. சந்திப்பிழை இல்லை. பிறகு ஏன் வாய் கசக்கிறது?

மார்ச் 5, வியாழன்

துக்கம் கேட்க மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் ஒரே கதை. தம்பி வயலினை எடுத்துவிட்டால் வீட்டில் பல்லிகூடக் கத்தாதாம். குழந்தை தண்ணீர் கேட்பதுகூடக் கைஜாடையில்தானாம். "எப்பேர்ப்பட்ட சாதகம்!" ஒருவர் அந்த ஜாடையைச் செய்தே காட்டினார். மற்ற இருவரும் சிரித்தார்கள். எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. இன்றைக்கும் போனில் பேசினால், "சத்தமாப் பேசும்மா, காதுல விழல" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும்.

அவள் அம்மா வேலை செய்துகொண்டே முணுமுணுவென்று பாடுவாள். சுருதி கலைகிறது என்றான் தம்பி. ஒரு தடவைதான் சொன்னான். அதன்பின் பதினாலு வருடம் உயிரோடு இருந்தாள். ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை.

அவன் வாசித்தால் கல்லும் கரையும். நானும் கரைந்திருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

செயலாளர் மறுபடி வந்தார். அஞ்சலிக் கூட்டத்தில் தம்பி மகள் பேச வேண்டுமாம்.

"ரெண்டே நிமிஷம் டீச்சர். எங்களைவிட இசையைத்தான் அப்பா நேசிச்சாருன்னு சொல்லி, லேசாக் கண்ணைத் தொடைச்சாப் போதும். சபை உருகிடும்."

"அவ மாட்டேன்னுட்டாளே."

"அத்தை நீங்க ஒரு வார்த்தை சொன்னா மறுப்பாளா?"

சொல்ல மாட்டேன் என்றேன். எட்டாம் பக்க வரியையும் எடுக்கச் சொன்னேன். "என் சோத்தை உங்களுக்குக் கொடுத்தா அது தியாகம். உங்க தட்டுல இருக்கிறதை எடுத்து இன்னொருத்தருக்குப் போட்டா அதுக்குப் பேர் வேற. இந்த வாக்கியத்துல குடும்பம் செயப்படுபொருள். பறிபோனது அதோட சோறு."

அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "என்ன டீச்சர்! அது உங்க வரிதானே? மன்றத்து வெள்ளி விழா மலர்ல நீங்க எழுதினது. அப்படியே எடுத்துப் போட்டேன்."

அதே நாள், மாலை

அந்த மலர் அலமாரியின் அடித்தட்டில் கிடைத்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தையது. என் பெயர், கீழே 'மேதையின் தமக்கை'. அதே வரி.

தூ! என்ன பெருமை! முன்வரிசை நாற்காலிக்காகவா எழுதினே? அந்த வருஷந்தானே தம்பி பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடந்து செத்தா — இவன் கச்சேரி கச்சேரின்னு ஊர் ஊராப் போயிட்டிருந்தான். கட்டில் பக்கத்துல ராப்பகலா உக்காந்திருந்தது பரீட்சை எழுத வேண்டிய பொண்ணு. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே எழுதினேன்?

மார்ச் 9, திங்கள்

தம்பி மகள் வீட்டுக்குப் போய்ப் பழைய மலரை நீட்டினேன். "இதை எழுதினது நான்தாம்மா."

"தெரியும் அத்தை. வந்த அன்னைக்கே படிச்சேன்."

"ஏன் எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டுப் பழக்கமா எனக்கு?"

தேநீரை ஆற்றிக் கொடுத்தாள். "அப்பா வாசிச்சா எனக்கும் பிடிக்கும் அத்தை. அதை யார்கிட்டச் சொல்றது?" என்றாள். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு விடை சொன்ன நான், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 14, சனி

கூட்டம். அவள் வரவில்லை. குடும்பத்தின் சார்பில் என்னை அழைத்தார்கள். மலரில் வரி அப்படியே இருந்தது.

"எல்லாரும் எட்டாம் பக்கத்தைத் திறங்க" என்றேன். தொட்டில் பழக்கம்! ஆனால் அத்தனை பேரும் திறந்தார்கள். "இந்த வரி என்னோடது. தப்பான வரி. என் தம்பி தன்னோடது எதையும் விடலை. வயலின், மேடை, கைதட்டல் எல்லாம் கடைசிவரைக்கும் அவன்கிட்டதான் இருந்தது. அவன் மனைவி பாட்டை விட்டா. மீதியைச் சொல்ற உரிமை எனக்கில்லை. பேனா வச்சிருக்கிறவங்க அடிச்சுடுங்க."

"செத்தவனைப் பத்தி இப்படியா பேசறது, கூடப் பிறந்தவ!" என்று ஒருவர் எழுந்து போனார். செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. நான்கைந்து பேர் குனிந்து அந்த வரியை அடித்ததைப் பார்த்தேன்.

மார்ச் 17

மன்றத்திலிருந்து கடிதம். ஆலோசகர் பட்டியலில் இனி நான் இல்லை. விட்டது சனி.

மார்ச் 29, ஞாயிறு

தம்பி மகள் வந்தாள். அவளே அவன் வாசித்த ஒலிநாடாவைப் போட்டாள். போட்டுவிட்டு, முடியும்வரை பேசினாள். அலுவலக மேலதிகாரி, முழங்கால் வலி, ஒழுகும் குழாய். நடுவில், "இந்த எடத்தைக் கேளு அத்தை, எப்படி இழைக்கிறார்!" என்றாள். மறுபடியும் குழாய். அவன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். என் வாயில் 'உஷ்' வந்துவிட்டது, பொத்திக்கொண்டேன்.

பிற்பாடு இதை யாராவது எடுத்துப் படித்தால்: 'தியாகம்' என்ற சொல் வரும் அடுத்த வாக்கியத்தில், போனது யாருடைய பொருள் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.