கடலுக்குள்ள போக ஒரு அட்டை

ஏனுங்க மாமா, நீங்க கண்ண மூடிப் போன எடத்துக்கே இந்தக் கடுதாசி வந்து சேரட்டும்.

நம்ம மக வயித்துப் பேத்தி தாரணி கடலுக்கு அடியில போயிட்டு வந்துட்டாளுங்க. முதுகுல காத்து சிலிண்டரக் கட்டிக்கிட்டு மீனுங்களோட நீந்துறா. பாண்டிச்சேரியில நாலு நாள் சொல்லிக் குடுத்து, இனி கடலுக்குள்ள முங்கலாம்னு அவ படம் போட்ட அட்டையும் குடுத்திருக்காங்க. நம்ம மலையில, இந்த வளப்பூர் நாட்டுல வேற யாருகிட்ட இருக்கு அது? பஸ்ஸுல கண்டக்டர்கிட்டகூடக் காட்டிப்போட்டேன்.

போன வாரம் லீவுக்கு வந்தா. அடுத்தது அந்தமானாம். முங்கிப்போன கப்பல் ஒண்ணு கெடக்காம், அதப் பாக்கப் போறாளாம். மிளகு காய வெச்சுக்கிட்டே கேட்டேன்.

"மூஞ்சியில மாட்டுற கண்ணாடிக்குள்ள தண்ணி பூந்துட்டா என்ன பண்ணுவ சாமி?"

"கழட்டி மறுக்கா மாட்டி, மூக்கால ஊதித் தண்ணிய வெளிய தள்ளணும் அம்மாயி. நீச்சல் குளத்துல செஞ்சேன்."

"கடல்ல?"

"பாதி செஞ்சேன். படபடன்னு வந்துருச்சு. படகு கெளம்பற நேரம்னு வாத்தியார் விட்டுட்டாரு."

"முடிச்சதா எழுதிக்கிட்டாங்களா?"

"டிக் போட்டுட்டாங்க. இது உலகம் பூரா செல்லுற அட்டை. அஞ்சாங்கிளாஸ் படிச்சுட்டு எனக்குப் பரீட்சை வெக்கிற."

"உலகத்துக்குச் செல்லும். தண்ணிக்குச் செல்லுமா?"

சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலீங்க. நின்னு நிதானமா எல்லாப் பாடத்தையும் முடிச்சு அனுப்புறவங்களும் இருப்பாங்க. ஆனா அவங்க குடுக்கறதும் இதே அட்டைதான? பாத்து எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

அப்பத்தான் மாமா, நீங்க என்கிட்ட மட்டும் சொன்னத அவகிட்டச் சொல்லிப்போட்டேன். சமதளத்துல ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்குன பத்தாம் நாளு, குச்சிக்கிழங்கு லோடோட மலையிலிருந்து முள்ளுக்குறிச்சிக்கு எறங்கையில, டீசல் மிச்சமாகும்னு நியூட்ரல்ல விட்டீங்களே, அத. பிரேக் சூடேறிப் புடிக்காமப் போயி, வளைவுல லாரிய மலையில மோத விட்டு நிறுத்துனீங்க. பிரேக் பழுதுன்னு ஊரே நம்புச்சு. பக்கத்துல உக்காந்திருந்த உங்க தம்பியும் நம்புனாரு. அன்னிக்கு அடிபட்ட கால இன்னிக்கும் சாய்ச்சுத்தான் நடக்கறாரு.

தாரணி மிளகத் துழாவுறத நிறுத்திட்டா. உங்களப் பத்தி, அப்புச்சி மாதிரி டிரைவர் உண்டான்னு சொல்லித் திரிஞ்சவ அவ.

"அப்போ லைசென்ஸ் இருந்துச்சில்ல?"

"சட்டைப் பையிலயே இருந்துச்சு கண்ணு."

மறுபடி மிளகத் துழாவ ஆரம்பிச்சா. அப்புறம், "கப்பலுக்குப் போறதுக்கு முன்னாடி, ஆழமில்லாத கடல்ல அந்தப் பாடத்த மறுக்கா செய்யறேன்"ன்னா. மனசாரச் சொன்னாளா, என் வாய அடைக்கச் சொன்னாளா?

இன்னிக்குக் காத்தால, கப்பலுக்குப் போற படகுல ஏறறேன்னு போன்ல பேசினா. பாடம் முடிச்சியான்னு கேக்க வாய் வரலீங்க. இல்லைன்னுட்டா நான் இங்கிருந்து என்ன பண்ணுவேன்? அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருக்கறேன். சிக்னல் கெடைக்கிற பாறைக்கு ரெண்டு தடவ ஏறி எறங்கிட்டேன்.

அந்த வாத்தியாரக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கிதை இருக்குதுங்களா? நீங்க சொன்ன பிரேக் கதைக்கு நானும்தான இத்தன வருசம் டிக் போட்டுக்கிட்டு இருந்தேன். கொழுந்தனாரு முகத்தப் பாத்து ஒரு நாளாவது சொன்னேனா?

அவ கரையேறிப் பேசினதும் கேட்டுடறேன். செய்யலைன்னா அடுத்த தடவ அந்தப் படகுல நானும் ஏறி உக்காந்துக்குவேன். போன வெச்சுட்டு நேரா உங்க தம்பி ஊட்டுக்குப் போறேன். இந்தக் கடுதாசி யாரு கையிலயாவது கெடச்சு ஊரு படிக்கறதுக்கு முன்னாடி அவரு என் வாயால கேக்கோணும். கோவிச்சுக்காதீங்க மாமா, இன்னிக்கே போறேன்.

தாரணியோட அம்மாயி,
உங்க ஊட்டுக்காரி ராசம்மா