கவசத்துக்குப் பேரம்

18-11-1978, சனிக்கிழமை

இனிமேல் விளையாட்டில் கடைக்காரன் வேஷம் போடவே மாட்டேன்.

அமெரிக்காவிலிருந்து அத்தான் அனுப்பிய, வேஷம் பிரித்துக்கொண்டு பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டை எங்கள் மயிலாப்பூர் மாடியில் நான்தான் நடத்துகிறேன். நண்பர்கள் நாலு பேரும் வீரர்கள். பூதம், ராஜா, கடைக்காரன் எல்லாம் நான். இரும்புக் கவசம் நூறு பொற்காசு என்று விளையாட்டோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. ஆளுக்கு முப்பதுதான் கொடுத்திருந்தேன். கவசமில்லாமல் பயந்துகொண்டே பூதத்தின் குகைக்குள் போகட்டும் என்று நினைத்தேன்.

தி.நகர் ஜவுளிக்கடைச் செந்தில் விட்டானா? "அண்ணாச்சி, நாலு கவசம் எடுக்கோம், பாத்துப் போட்டுக் குடுங்க" என்றான். விலை கட்டுப்படியாகாது என்று எழுந்து மாடிப்படி வரை போய்விட்டான். நானும் மடையன் மாதிரி கூப்பிட்டு முப்பதுக்கே கொடுத்துத் தொலைத்தேன்.

ஒரு வாரம் யோசித்து வைத்த பூதம். அதன் நகம் ஒருவன் மேலும் இறங்கவில்லை. நாலு தடவை பகடை உருட்டுவதற்குள் செத்துவிட்டது. எல்லோருக்கும் கொட்டாவி.

சாயங்காலம் செந்தில் கடையில் சட்டைத் துணி எடுத்தேன். ரெண்டு ரூபாய் குறைக்கச் சொன்னேன்.

"நம்ம கடையில ஒரே வெலைதான்டே" என்று சுவரிலிருந்த போர்டைக் காட்டினான். துணியை அளந்து கிழித்தபடியே, "ஒன் பூதந்தான் சப்புன்னு இருந்துச்சு" என்றான்.

முழு விலையும் கொடுத்துவிட்டு வந்தேன்.