பேனலில் இரண்டு பேர்

நவ. 11, செவ்வாய்

டைரியே, இந்த நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு மன்னிக்கவும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பகலெல்லாம் தூறல். உடுமலை ரோட்டு சமையல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் முதல் நாள். என் வேலை: கன்ட்ரோல் ரூமில் ஷிஃப்டுக்கு எத்தனை ஆபரேட்டர் தேவை என்று பார்த்துச் சொல்வது. இப்போது இருவர். ஒருவர் போதும் என்பது மேனேஜரின் எண்ணம். என் அறிக்கையை வைத்துத்தான் முடிவு.

மூத்தவர் சென்னியப்பன் அண்ணனிடம் வேலை கஷ்டமா என்று கேட்டேன்.

"கஷ்டமென்னங்க அம்மணி. ஏசி ரூம்ல சும்மா உக்காந்து ஸ்கிரீனப் பாக்கறதுதானுங்க."

கூட இருக்கும் ஜோசப்: "அண்ணன் டீ குடிக்கறதுக்குத்தானுங்க வர்றாரு."

சிரித்தோம். படிவத்தில் வேலைச்சுமை 'குறைவு'. டிக்.

பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது. உடம்பு சுடுகிறதா? மூன்று முறை தெர்மாமீட்டர். வாங்க: டயபர், ராகி மாவு, குடை.

நவ. 12, புதன்

காலையில் மாமியாரிடம், பாப்பாவை நாள் முழுக்கப் பார்ப்பது சிரமமா என்றேன்.

"அதென்ன கண்ணு சிரமம், அது பாட்டுக்கு வெளையாடீட்டு இருக்குது."

ஒரு கை இடுப்பைப் பிடித்தபடி. மறு கையில், பாப்பாவின் வாயிலிருந்து அப்போதுதான் எடுத்த பட்டன்.

பஸ்ஸில் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். நேற்றைய டிக்! நேரில் கேட்டால் நம் பக்கத்தில் யார் கஷ்டத்தைச் சொல்வார்கள்? பல்லடத்தில் பிறந்த எனக்கே இது உறைக்கவில்லை.

இன்று கேள்வியே கிடையாது. கடிகாரம், நோட்டு. பத்தரைக்கு ஒரு பம்பு நின்றது. ஜோசப் வால்வைத் திருப்ப வெளியே ஓடினார். பேனலில் அலாரம் மேல் அலாரம். அண்ணன் ஒரு கையில் வாக்கி-டாக்கி, ஒரு கையில் மவுஸ்.

"நீராவியக் கொறச்சுப்போட்டேன், இப்பத் தொறந்துடு சாமி!"

நடுவில் லாரிக்காரர் வேறு போனில். அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்கள்ல அம்மணி, பெருசா ஒண்ணுமில்லீங்க."

ஒருவர் மட்டும் இருந்திருந்தால்? வால்வுக்குப் போனால் பேனல் அநாதை. பேனலில் இருந்தால் வால்வு.

நவ. 13, வியாழன்

நல்ல வெயில். பல் எட்டிப் பார்த்துவிட்டது, அரிசி முனை அளவு. வீடே சிரிக்கிறது.

பழைய படிவத்தைக் கிழித்தேன். அவர்கள் சொன்னதை விட்டுவிட்டு, செய்ததை நிமிடவாரியாக எழுதினேன். ஷிஃப்டுக்கு இருவர், குறைக்கக் கூடாது. மேனேஜருக்கு அனுப்பியாயிற்று. பயம்தான். ஆனாலும் நிம்மதி.

மெயிலின் கடைசி வரியைப் படித்துவிட்டு என் கணவர், "ஏனுங் மேடம், இத்தன கறாராவா?" என்றார். மாற்றவில்லை:

ஆளைக் குறைக்கும் முன் இதைப் படித்து, எனக்குச் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.