கடைசிப் படகின் தலைக்கணக்கு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். தையல் கடையில் உன் முதுகு வலி எப்படி இருக்கிறது?

பள்ளி நாடகத்தில் மரமாக நிற்கத்தான் நான் லாயக்கு என்று சிரிப்பாயே, இங்கே தினமும் கதாநாயகன் நான்தான். இந்தத் தீவு முன்பு சிறையாக இருந்தது. இப்போது காசு கொடுத்துப் பயப்பட ஆசைப்படுகிறவர்கள் எங்கிருந்தெல்லாமோ படகேறி வருகிறார்கள். கோடு போட்ட சட்டை, தொப்பி, ஒட்டுத்தாடியோடு நான் கடைசி அறையில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கதவைத் திறங்க, என்னை வெளிய விடுங்க" என்று நம் மொழியில் கத்த வேண்டும். புரியாத மொழி என்றால் பயம் கூடுமாம்.

கடைசியில் 'கைதியின் கடிதம்' ஒன்றை நீட்டுவேன். வாங்குகிறவர் கரைக்குப் போய்த் தபாலில் போட வேண்டும். தபால்தலை முதலாளியின் செலவு. அதனால் உனக்கே எழுதிவிட்டேன். தாடி அரிக்கிறது, வேறு குறையில்லை.

அன்புத் தம்பி

ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

மார்ச் கடிதத்துக்குப் பிறகு ஒரு வரி இல்லை. கதாநாயகன் ஆனதும் அக்கா கண்ணுக்குத் தெரியவில்லையா?

கடைக்கு வந்த ஒரு அம்மா பத்திரிகை ஒன்றை விட்டுவிட்டுப் போனார். உலகத்தில் நடுங்க வைக்கும் இடங்களாம். எலும்புகளை அடுக்கிக் கட்டிய மண்டபம், மரமெல்லாம் பொம்மைகள் தொங்கும் தீவு, ஒரே நாளில் எல்லோரும் விட்டுப்போன ஊர். அவற்றோடு உன் சிறையும், கம்பியைப் பிடித்து அழுகிற உன் படமும். கடை முழுக்கக் காட்டிப் பெருமையடித்தேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தேன். நிஜமாக அழும்போது மட்டும்தான் உனக்கு உதடு ஒரு பக்கம் கோணும். படத்தில் கோணியிருக்கிறது. மறைக்காமல் எழுது.

உன் அக்கா

ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதாமல் இல்லை. கடிதத்தை வாங்குகிறவர்கள் தபாலில் போடாமல் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாக ஒருவர் சந்தோஷமாக எழுதியே போட்டிருந்தார்.

ஒப்பந்தம் மே மாதமே முடிந்துவிட்டது. பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கேட்டால், "சீசன் முடியட்டும் பார்ப்போம்" என்கிறார். படகும் அவருடையது. வந்த தலைகள் எத்தனையோ அத்தனைதான் திரும்ப வேண்டும் என்று படகோட்டி எண்ணி ஏற்றுகிறான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "இது நடிப்பு இல்லைங்க, என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்று பார்க்க வந்தவர்களிடம் அவர்கள் மொழியிலேயே கெஞ்சினேன். கைதட்டினார்கள். முதலாளி மறுநாள் முதல் அதையும் காட்சியில் சேர்த்துவிட்டார். உண்மையைச் சொல்லச் சொல்லக் கூட்டம் கூடுகிறது.

யாராவது என்னோடு படமெடுக்க ஆசைப்பட்டால் மட்டும் காவலாளி கதவைத் திறந்து அவரை உள்ளே விடுவார். பயம் கூட வேண்டுமென்று கொஞ்ச நேரம் விளக்கை அணைப்பார். அந்த இருட்டில் எதிரில் நிற்பவர் கையைப் பிடித்து அழுதுவிடலாம் போல இருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

தம்பி

செப்டம்பர் 15

தம்பிக்கு,

அழாதே. நான் வருகிறேன். அடுத்த மாத முதல் ஞாயிறு, கடைசிப் படகு.

இத்துடன் வரும் பார்சலில் இருக்கும் சட்டையைக் கோடு போட்ட சட்டைக்கு அடியில் போட்டுக்கொள். நான் படமெடுக்க உள்ளே வருவேன். விளக்கு அணைந்ததும் மேல்சட்டை, தொப்பி, தாடி மூன்றையும் என்னிடம் கொடுத்துவிட்டு நீ வெளியே நட. தலைக்கணக்கு சரியாக இருக்கும். நேராக நம் தூதரகத்துக்குப் போ. கரையில் நான் எடுத்திருக்கும் விடுதி அறையிலேயே தங்கிக்கொள்.

என்னை என்ன செய்துவிடுவார்கள்? நான் ஒப்பந்தம் போட்டவள் இல்லை, பாஸ்போர்ட் என் கையில். காலையில் ஒரு சத்தம் போட்டால் தானாக அனுப்புவார்கள். வீரம் பேசாமல் அக்கா சொன்னதைக் கேள்.

அக்கா

அக்டோபர் 9

தம்பிக்கு,

இது கைதியின் கடிதம். சிரித்துக்கொள்.

நீ பயணி மாதிரித் தெரியட்டும் என்று இருட்டில் என் பையை உன் தோளில் மாட்டினேனே, பாஸ்போர்ட் அதற்குள் இருந்தது. படகுச் சத்தம் தேய்ந்த பிறகுதான் உறைத்தது.

காலையில் நான் போட்ட கூச்சலுக்கு முதலாளி ஓடிவந்தார். "பாஸ்போர்ட்டைக் காட்டு" என்றார். என்னிடம் இல்லை என்றேன். "அப்ப நீ யாருன்னு நான் எப்படி நம்புறது? போலீஸைக் கூப்பிடவா?" என்றார். அதற்குள் முதல் படகு வந்துவிட்டது. நான் கத்திக்கொண்டே இருந்தேன். ஒரே கைதட்டல். அவர் என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. இதுவரை பெண் கைதி இருந்ததில்லையாம்.

சட்டை தொளதொளவென்று இருந்தது. ஊசி வாங்கி நானே சுருக்கிக்கொண்டேன், கை சும்மா இருக்காதே. தாடி மட்டும் முடியாது என்றுவிட்டேன். பகலில் தைரியமாகத்தான் இருக்கிறேன். கடைசிப் படகு போனதும் இருக்க முடியவில்லையடா.

அக்கா

அக்டோபர் 17

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை எந்தப் புண்ணியவான் தபாலில் போட்டாரோ, இன்று வந்தது.

தூதரகத்தில் விஷயத்தைச் சொன்னேன். "அந்தத் தீவா? பசங்களோட போயிருக்கேனே. ஒருத்தர் என்னமா அழுவாரு" என்றார் அதிகாரி. "அது நான்தான் சார்" என்றேன். எழுந்து வந்து என்னோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு மனுவை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னார். போனேன். இன்னும் அடுத்த வாரம் என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் படகுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். உன் பாஸ்போர்ட் நான் கொண்டுவரும் பையின் உள்ஜிப்பில் பத்திரமாக இருக்கிறது. கரையேறியதும் அந்த அதிகாரியைப் பிடித்துக்கொள், விடாதே. நான் அழுதால் நடிப்பு என்கிறார்கள். நீ திட்டினால் நடிப்பென்று ஒருவனும் சொல்ல மாட்டான்.

வேண்டாம் என்று எழுதாதே, கிடைக்க நான் இங்கே இருக்க மாட்டேன். நீ அழும்போது எல்லோரும் கைதட்டுவார்கள். ஒருவன் மட்டும் மரம் மாதிரி நிற்பான். அது நான்.

அதற்குள் அந்தச் சட்டையின் தையலைப் பிரித்து வை. நீ சுருக்கியது எனக்குப் பற்றாது.

தம்பி