டொக்டர் சொன்ன 'வீக்'

அன்பு மகள் மேனுகாவுக்கு,

முரசுமோட்டை வீட்டிலிருந்து அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க நாகதம்பிரானை வேண்டுகிறேன். போனில் கேட்டால் கதையை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

போன மாதம் வயலுக்கு யூரியாப் பையைத் தூக்கிய அப்பா வரம்பிலேயே குந்திவிட்டார். தம்பி சுஜிதன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினான். டொக்டர் என்ன சொன்னவர் என்று கேட்டேன், வீக்காம் என்றான். என்ன வீக் என்றதற்கு, உடம்பில சத்தில்லை அம்மா, முட்டை அவிச்சுக் குடுங்கோ என்றான். அப்பாவைக் கேட்டால் கண் வீக்காம், கண்ணாடி மாத்த வேணுமாம். கண் வீக்கான மனிதனுக்கு ஏன் கால் வீங்குகிறது? பின்னேரம் நீ போன் எடுத்து, ரத்தம் வீக், முருங்கை இலை குடுங்கோ என்றாய். டொக்டர் சொன்ன ஒரு சொல்லுக்கு மூன்று பேரிடம் மூன்று அர்த்தம். எனக்கு இங்கிலீசு தெரியாதுதான், ஆனால் அந்தச் சொல்லை நான் கேட்காதவள் இல்லை. தம்பியின் மோட்டர் சைக்கிள் பற்றரி வீக், நீ கணக்கில் வீக், சந்திக் கடைத் தேத்தண்ணியும் வீக். அதையெல்லாம் பேசும்போது என்னைக் கண்டு யாரும் வாய் மூடியதில்லை. இதில் மட்டும் நான் குசினியில் சமையலை விட்டு வந்தால் அப்பாவும் தம்பியும் மழையைப் பற்றிக் கதைக்கிறார்கள். மாத்திரைப் பை நெல் மூட்டைக்குப் பின்னால் இருந்தது.

புதன்கிழமை கோயிலுக்கென்று சொல்லி, கிளினிக் கொப்பியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற தாதி மிஸி கொப்பியைப் பார்த்து, இருதயம் ரத்தம் இறைக்கிறது வீக் அம்மா, உப்பு குறைக்க வேணும், பாரம் தூக்கக் கூடாது, உங்களுக்குச் சொல்லேல்லையோ என்றார். பிறகு அவரே, ஓம், அம்மா வீக், சொல்ல வேண்டாம் எண்டு மகன் சொன்னவர் என்று நாக்கைக் கடித்தார். நான் வீக்! கடைசிச் சண்டைக்குள் மாத்தளனிலிருந்து காயப்பட்ட அப்பாவைச் சைக்கிளில் இருத்தி, உங்கள் இரண்டு பேரையும் கரியரைப் பிடிக்கச் சொல்லித் தள்ளிக்கொண்டு வந்தவள் நான். உண்மை தெரியாமல் மூன்று கிழமை அவருக்கு உப்புக் கருவாடு பொரித்துக் கொடுத்தேனே பிள்ளை, அதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

வீட்டுக்கு வந்து கொப்பியை அப்பாவின் மடியில் வைத்தேன். அதை மூடி வைத்துவிட்டு, நீ பயந்திடுவாய் எண்டு பயந்தனான் என்றார். இப்போது மாத்திரை என் கையால்தான். வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டேன் என்கிறார், ஆனாலும் நான் கிணற்றடிக்குப் போனால் மண்வெட்டியைத் தொடுகிறாரோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

இனி உன் கதைக்கு வருகிறேன். இரண்டு மாதமாக முகம் காட்டாமல்தான் பேசுகிறாய். மருமகன் எங்கே என்று கேட்டால் வேலைக்குப் போய்விட்டார் என்கிறாய், ஞாயிற்றுக்கிழமையும்கூட. வீட்டில் அவருடைய சத்தமே இல்லை. எதுவானாலும் எனக்கு உள்ளதை உள்ளபடி எழுது, நான் தாங்குவேன்.

கடிதத்துக்குள் திருநீறு மடித்து வைத்திருக்கிறேன், நெற்றியில் பூசிக்கொள். நாகதம்பிரான் உன்னைக் காப்பார். நேரத்துக்குச் சாப்பிடு. பதிலை என் பெயருக்கே போடு. இந்தச் சந்தேகத்தை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, அவருடைய நெஞ்சு தாங்காது.

உன் அம்மா,
சிவலட்சுமி