மயிலாள் பெயரில் இருநூற்று ஐம்பத்தாறு

ஜூன் 3, 2025
முதலிபாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லாரியில் மாட்டி என் இணையக் கேபிள் அறுந்தது. ஒட்டிவிட்டு வந்தால், இணைய எண்களைப் பங்கிட்டுத் தரும் பதிவகத்தின் மின்னஞ்சல். 256 இணைய எண்களையும் (ஐ.பி. முகவரிகள்) பழைய கம்பெனியிலிருந்து என் பெயரில் தொடங்கிய புதுக் கம்பெனிக்கு மாற்ற, கொடுப்பவர் சம்மதிக்க வேண்டுமாம். வாங்குபவர் எத்தனை வேண்டும், எதற்கு வேண்டும் என்று எழுதித் தர வேண்டுமாம். கொடுப்பதும் நான், வாங்குவதும் நான். யாருக்கு எழுதுவது?

இந்த எண்கள் இல்லாமல் எஸ்டேட்டில் ஒரு பனியன் கம்பெனிக்கும் நான் இணைப்புத் தர முடியாது. எட்டாவது படித்தவன், 2012-இல் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு விண்ணப்பம் எழுதி வாங்கினேன்.

ஜூன் 4
கொடுப்பவர் நான் இல்லையாம். மயிலாளாம்!

பெண் பெயரில் கடன் சுலபம் என்று அன்று கம்பெனியை என் மனைவி பெயரில் பதிந்தேன். ஊரில் எத்தனையோ பேர் செய்ததுதானே? பதின்மூன்று வருடமாக அவள் கையெழுத்தையும் நானே போட்டேன். இப்போது அவளை வீடியோவில் பார்க்க வேண்டுமாம்.

ஜூன் 7
தையில் மகளின் பிரசவத்துக்கு மடத்துக்குளம் போனவள் திரும்பவில்லை. கிளம்பிய அன்று ஆபீசில் என்னவோ கேட்டாள். வேலைக்கு இருக்கும் ரோஸ்மேரி முன்னால், “பேருக்குத்தான் நீ மொதலாளி, பேசாம போ” என்றேன். அதைப் போய் மனதில் வைத்திருக்கிறாள்.

போன் செய்தேன். “சரிங்க, பேசறேனுங்க.” அவ்வளவுதான்.

ஜூன் 12
வீடியோவில் பதிவகத்துப் பெண் தமிழிலேயே கேட்டாள். “உங்க விருப்பத்தோடதான் குடுக்கறீங்களாம்மா?”

“எதைக் குடுக்கறேன்னே எனக்குத் தெரியாதுங்களே. தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேனுங்க.”

விண்ணப்பத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

ஜூன் 13
இவளுக்கு என்ன தெரியும்? என்ன தெரியும்?

ஜூன் 24
ரோஸ்மேரி தினமும் போனில் மயிலாளுக்குப் பாடம் நடத்துகிறாள். எந்த எண் எந்தக் கம்பெனிக்கு, எத்தனை சும்மா கிடக்கிறது — எல்லாம்.

“நீ சம்பளம் வாங்கறது எங்கிட்டயா, அவகிட்டயா?”

“சம்பளச் சீட்டுல அம்மா பேருதான அண்ணாச்சி போட்டிருக்கு.” சிரிக்காமல் சொன்னாள். தெக்கத்தி வாய்!

ஜூலை 8
மயிலாள் வந்துவிட்டாள். ஊட்டுக்கு இல்லை, பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஆபீசுக்கு. என் நாற்காலியில் உட்கார்ந்து, மாற்றித் தர முடியாது என்று பதிவகத்துக்கு அவளே பதில் அனுப்பினாள்.

“அப்பறம் நான் எதை வெச்சுத் தொழில் பண்றது?”

“எத்தனை வேணும், எதுக்கு வேணும்னு எழுதிக் குடுங்க. பாக்கறேனுங்க.”

ரோஸ்மேரி கம்ப்யூட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எழுத மாட்டேன். செத்தாலும்.

ஜூலை 10
எழுதவில்லை.

ஜூலை 17
எஸ்டேட்டில் இரண்டு கம்பெனிகள் புது இணைப்புக் கேட்டன. எண்களை ஒதுக்கித் தரும் கணக்கின் கடவுச்சொல்லை அவள் மாற்றிவிட்டாள். இரண்டு நாள் பொறுப்பார்கள், பிறகு வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

ஜூலை 18
“மதிப்பிற்குரிய உரிமையாளர் அவர்களுக்கு” — இந்த ஒரு வரிக்கே மூன்று தாள் கிழித்தேன். எட்டு எண் கேட்டிருக்கிறேன். கீழே என் கையெழுத்து.